200 மணி நேரமா, ஏழு நாளா? புதிய ஹெட்ஃபோனைப் பழக்குவது குறித்து ஓர் ஒப்பீடு

என் அக்கா மகன் சென்ற மாதம் 480 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து ஒரு ஹெட்ஃபோன் வாங்கினான். தேசிய சேவை முடிந்ததும் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் என்பதால் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் இரவே அவன் முகம் வாடிவிட்டது. பாடகியின் குரலில் ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களெல்லாம் காதைக் கீறுவதாகவும், மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் மெலிந்து கேட்பதாகவும் சொன்னான். கடையைத் தொலைபேசியில் அழைத்தபோது, “புதியது அப்படித்தான் இருக்கும், 200 மணி நேரம் ஓடவிடுங்கள், பிறகு பாருங்கள்” என்றார்களாம். என்னிடம் வந்து, “மாமா, ஓடவிடட்டுமா, மாற்றிவிடட்டுமா?” என்று கேட்டான். நான் ரசீதைக் காட்டச் சொன்னேன். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. ஏழு நாள் என்பது 168 மணி நேரம். இரவு பகல் பாராமல் ஓடவிட்டாலும், 200 மணி நேரம் நிறைவதற்கு 32 மணி நேரம் முன்பே மாற்றும் வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும்.

இந்தக் கழித்தல் கணக்கிலிருந்துதான் இந்த ஒப்பீடு தொடங்குகிறது. புதிய ஹெட்ஃபோனின் ஒலி பிடிக்காதபோது, அல்லது பிடித்திருந்தும் இன்னும் மேம்படுமோ என்ற எண்ணம் எழும்போது, ஒருவர் முன் நான்கு வழிகள் உள்ளன. பர்ன்-இன் என்று நம்மவரும் அப்படியே வழங்கும் முறைப்படி, பல மணி நேரம் இசையையோ இரைச்சலையோ ஓடவிட்டுப் பழக்கியபின் தீர்ப்புச் சொல்லலாம். தனியாக எதுவும் செய்யாமல் அன்றாடம் கேட்டுக்கொண்டே போகலாம். முதல் சில நாள்களுக்குள் முறையாகச் சோதித்து, ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டே, காதுமெத்தையையோ, ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரையோ மாற்றி ஒலியை நம் விருப்பத்துக்குக் கொண்டுவரலாம். முதல் வழி உண்மையிலேயே ஏதேனும் மாற்றுகிறதா என்பது தெரிந்தால்தான் மற்ற மூன்றையும் எடைபோட முடியும் என்பதால், அதற்கே அதிக இடம் தருகிறேன்.

பழக்கினால் ஒலி மாறும் என்ற நம்பிக்கை வெறும் காற்றில் பிறந்ததன்று. பெட்டி ஒலிபெருக்கிகளில் அது அளந்து காட்டக்கூடிய உண்மை. தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஊஃபரின் கூம்பைப் பின்னாலிருந்து தாங்குவது, பிசின் தோய்த்து மடிப்பு மடிப்பாக அழுத்திய ஒரு துணி. அதை ஸ்பைடர் என்பார்கள். முன்விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கும். கூம்பு பல மில்லிமீட்டர் முன்னும் பின்னும் பாயும்போது அந்தத் துணியின் புது விறைப்பு ஓரளவு தளர்ந்து, ஊஃபரின் ஒத்ததிர்வு எண் சற்றுக் கீழே இறங்குகிறது. சொந்தமாக ஒலிபெருக்கி கட்டுபவர்கள் ஊஃபரின் இயல்பைக் குறிக்கும் டீல்-ஸ்மால் அளவுகளை எடுப்பதற்கு முன் ஊஃபரைச் சில மணி நேரம் ஓடவிடுவது இதனால்தான். நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. புதிதாகத் தோல் மாற்றிய மிருதங்கம் கொஞ்ச நாள் கைபட்ட பிறகுதான் இணங்கி வரும் என்று வாசிப்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இழுவிசைக்கும் ஈரத்துக்கும் நெகிழ்ந்து கொடுக்கும் தோல் அப்படி நடந்துகொள்வதில் வியப்பில்லை.

இவ்விரண்டு அனுபவங்களையும் அப்படியே தலையில் மாட்டும் கருவிக்குப் பொருத்திப் பார்க்கும்போதுதான் சறுக்கல் நேர்கிறது. பெரும்பாலான ஹெட்ஃபோன்களில் இருப்பது டைனமிக் டிரைவர்: பல வகைகளில் 40 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதில் ஒட்டிய கம்பிச்சுருள், பின்னால் ஒரு காந்தம், அவ்வளவுதான். அதில் ஸ்பைடர் கிடையாது. தனியான ரப்பர் வளையமும் பெரும்பாலும் கிடையாது. படலத்தின் விளிம்பில் அச்சில் வார்த்த வரிப்பள்ளங்களே அதைத் தாங்குகின்றன, அவையே அதை மீண்டும் நடுவுக்கு இழுக்கின்றன. காதை ஒட்டிய சிறு காற்றறையை மட்டும் அசைத்தால் போதும் என்பதால், அன்றாட ஒலியளவில் அந்தப் படலம் நகரும் தொலைவு மில்லிமீட்டரின் மிகச் சிறு பங்கே. இவ்வளவு குறைவாக அசையும் பிளாஸ்டிக்கில் தளர்வு ஏதேனும் நேர்ந்தாலும், அது மிகச் சிறியதாகவும் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதாகவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். நூறாவது மணிக்கும் இருநூறாவது மணிக்கும் இடையே ஒரு பாடகியின் குரல் கனிந்துவிடுவதற்கான இயந்திரக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காதுக்குள் செருகும் இயர்ஃபோன்கள் பலவற்றில் வரும் பேலன்ஸ்டு ஆர்மெச்சரில், சிறு உலோக நாக்கு ஒன்று காந்தங்களுக்கு நடுவே அதிர்கிறது. தளர்வதற்கென்று அதில் துணியோ ரப்பரோ இல்லை. ஷூர் நிறுவனம், 1997இல் அறிமுகமான தன் இ1 இயர்ஃபோன்களில் நன்றாகப் புழங்கிப் பழசானவற்றை அளந்து பார்த்து, அவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த அளவையே காட்டுவதாகத் தெரிவித்திருக்கிறது. பிளேனர் வகையில் இழுத்துக் கட்டிய படலம் முழுவதும் சீராக அசைகிறது. மின்நிலை வகை ஹெட்ஃபோன்கள் மின்சாரம் பாய்ந்ததும் நிலைபெறச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், அது ஒவ்வொரு முறையும் நிகழும் தயாராதலே ஒழியப் பழக்குதல் ஆகாது. இன்று நம் எம்ஆர்டி ரயில்களில் பாதிப் பேர் மாட்டியிருக்கும் இரைச்சல் நீக்கும் கம்பியில்லா ஹெட்ஃபோன்களிலோ, ஒலியின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லின் கணக்குதான். அவற்றில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு ஒரே இரவில் ஒலியை மாற்றிவிடலாம். இருநூறு மணி நேர இரைச்சலுக்கு அந்த ஆற்றல் இல்லை.

அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? இன்னர்ஃபிடெலிட்டி என்ற இணைய இதழை நடத்திய அமெரிக்கர் டில் ஹெர்ட்சென்ஸ், 2011இல் ஏகேஜி க்யூ701 ஹெட்ஃபோனை எடுத்து, பழகப் பழக அதன் அளவீடுகள் எப்படி நகர்கின்றன என்று சோதித்தார். மாற்றமே இல்லை என்று அவர் தட்டிக்கழித்துவிடவில்லை. மாற்றம் இருக்கிறது, ஆனால் அது மிகச் சிறியது என்பதே அவரது அளவீடுகள் தந்த செய்தி. எந்த அளவுக்குச் சிறியது என்பதைப் புரிந்துகொள்ள இன்னொன்றை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மைக்ரோஃபோன் பதித்த செயற்கையான அளவீட்டுத் தலையில் பொருத்திய ஒரே ஹெட்ஃபோனைக் கழற்றி மறுபடி வைத்தால், 8 கிலோஹெர்ட்சுக்கு மேலுள்ள உயர்ந்த ஒலிப் பகுதியில் பல டெசிபல் வேறுபாடு சாதாரணமாகத் தோன்றும். அதாவது, ஹெட்ஃபோன் காதின் மேல் அரை விரல் முன்னே அமர்வதற்கும் பின்னே அமர்வதற்கும் உள்ள வேறுபாடு, பல நாள் பழக்குதல் தருவதாகச் சொல்லப்படும் வேறுபாட்டை எளிதில் விழுங்கிவிடும். மூக்குக்கண்ணாடியின் கால் மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே சிறு சந்து விட்டால் தாழ்ந்த ஒலிகள் அப்படியே கசிந்துபோகும். காதுக்குள் செருகும் வகையில் பொருந்தாத அளவுச் சிலிகான் முனையைப் போட்டாலும் அதே கதைதான்.

இருந்தும், பழக்கிய பிறகு ஒலி மாறியதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது மாறித்தான் இருக்கிறது. மாறிய பொருள் ஹெட்ஃபோனா, கேட்டவரா என்பதே கேள்வி. ஒரு சின்ன நெருடலைக் கவனியுங்கள். பழக்கியதால் ஒலி கெட்டுப்போனது என்று யாரும் புலம்பி நான் கேட்டதில்லை. தளரும் பொருளுக்கு நம் ரசனை தெரியாது. அது தளர்ந்தால் ஒருவருக்கு இனிக்கவும் வேண்டும், இன்னொருவருக்குக் கசக்கவும் வேண்டும். எல்லாருக்கும் எப்போதும் இனிப்பாகவே முடிகிறதென்றால், பழக்கம் நிகழ்வது பெரும்பாலும் காதுக்கு அந்தப் பக்கம், மூளையில்தான். புது வீட்டுக்குக் குடிபோனவர் முதல் வாரம் சாலை இரைச்சலில் தூக்கம் வராமல் புரள்வார். மூன்றாம் வாரம் சாலை அப்படியே இருக்கும், அவர் குறட்டை விடுவார்.

காதைக் குழப்பும் இன்னும் சில காரணிகள் உண்டு. சம ஒலியளவு வளைகோடுகளை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்டபோதே தெளிவாகிவிட்டது: ஒலி குறைவாக இருக்கும்போது தாழ்ந்த சுரங்கள் நம் காதில் கூடுதலாக மங்குகின்றன, ஒலியைக் கூட்டினால் அவை மற்றவற்றைவிட விரைவாக எழுந்து நிற்கின்றன. எம்ஆர்டி சுரங்கத்தின் இரைச்சலை வெல்ல நாம் அறியாமலே நாளுக்கு நாள் ஒலியை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போனால், ஒரு மாதத்தில் “பேஸ் நன்றாகத் திறந்துவிட்டது” என்று தோன்றுவதில் ஆச்சரியம் என்ன? (வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்பது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, அந்த ஏற்றத்துக்குக் காது கொடுக்கும் விலை வேறு கணக்கு.) மேலும், நுணுக்கமான ஒலிநிறம் நினைவில் நிற்பது சில விநாடிகளே. இன்று காலை கேட்டதையும் மூன்று வாரங்களுக்கு முன் கேட்டதையும் ஒப்பிடுவதாக நாம் நினைப்பது, பெரும்பாலும் இன்று கேட்டதையும் அன்று சொன்ன சொற்களையும் ஒப்பிடுவதாகவே முடிகிறது. எதிர்பார்ப்பின் வலிமையைப் பற்றி ஐயம் உள்ளவர்களுக்கு, ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் ஒலிபெருக்கிகளை வைத்து நடத்திய ஆய்வு போதும்: அதே மனிதர்கள், அதே ஒலிபெருக்கிகள், எதைக் கேட்கிறோம் என்று கண்ணால் பார்த்தபோது ஒரு மதிப்பெண், திரைக்குப் பின்னால் வைத்தபோது வேறு மதிப்பெண்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். புதிய ஹெட்ஃபோனை மட்டும் இரண்டு வாரம் கேளுங்கள்; அதுவரை பழையதை அலமாரியில் வைத்துவிடுங்கள். பிறகு பழையதை எடுத்து மாட்டிப் பாருங்கள். நேற்றுவரை நடுநிலையாகத் தோன்றிய அந்தப் பழைய துணை இப்போது மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பாடுவதுபோல் அந்நியமாகக் கேட்கும். அந்த இரண்டு வாரமும் அதற்குள் ஒரு விநாடிகூட மின்சாரம் பாயவில்லை. பழக்கியது யாரை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நான் இன்னொன்றும் செய்து பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பர் ஒருவரும் ஒரே மாதிரி ஹெட்ஃபோனை ஒரே நாளில் வாங்கினோம். என்னுடையதைப் பிங்க் நாய்ஸ் எனப்படும், ஒவ்வொரு ஸ்தாயியிலும் சம ஆற்றல் உள்ள இரைச்சலில் 150 மணி நேரம் ஓடவிட்டேன். அவருடையது பெட்டியிலேயே இருந்தது. பிறகு நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார, என் மனைவி நாணயத்தைச் சுண்டி ஏதாவது ஒன்றை மாட்டிவிட, பத்து முறை ‘பழகியதா, புதியதா’ என்று சொன்னேன். ஆறு சரியாக இருந்தது. வெறும் ஊகத்திலேயே பத்துக்கு ஆறோ அதற்கு மேலோ சரியாக அமையும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் அதிகம் என்பதால், அந்த ஆறு எதையும் நிறுவவில்லை. ஒன்பது வந்திருந்தால் நானே வியந்திருப்பேன், ஏனெனில் தற்செயலாக அது நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஒன்பது வந்திருந்தாலும்கூட, ஒரே தொழிற்சாலையில் உருவான இரண்டு ஹெட்ஃபோன்கள் பிறவியிலேயே சற்று வேறுபடும் என்பதைக் கழித்துத்தான் பார்த்திருக்க வேண்டும். மனைவி மட்டும் இன்றுவரை அந்த மாலையைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆக முதல் வழியின் ஆதாயம் மிகச் சிறிது. அதன் விலை என்ன? மின்சாரக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒருமுறை மின்னேற்றினால் 30 மணி நேரம் ஓடும் கம்பியில்லா வகையை 200 மணி நேரம் ஓட்ட வேண்டுமானால், ஏறக்குறைய ஏழு முழு மின்னேற்றங்களை மின்கலத்தின் ஆயுளிலிருந்து கொடுக்கிறோம், அதுவும் பெரிதன்று. பெரிய விலை நாள்கள்தான். சிங்கப்பூரில் பொருள் பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கடையைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. மாற்றித்தருவது அந்தந்தக் கடை தானாக வைத்திருக்கும் சலுகை, அதற்குரிய நாள்கள் ரசீதில் எண்ணப்பட்டிருக்கும். லெமன் சட்டம் என்று பேச்சில் வழங்கும், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், குறையுள்ள பொருளுக்கு மட்டுமே உதவும். ஆறு மாதங்களுக்குள் குறை தெரியவந்தால், அது விற்றபோதே இருந்ததாக அச்சட்டம் கருதும். பழுதுபார்த்தோ மாற்றியோ தரும் பொறுப்பு விற்றவர்மேல் விழும். ‘ஸ’ கீறுகிறது என்பது குறை ஆகாது, ரசனை வேறுபாடு. எனவே ரசனைக்கு ஏழு நாள், குறைக்கு ஆறு மாதம் என்ற இரு கடிகாரங்கள் ஒரே வேளையில் ஓடுகின்றன; பழக்குதல் என்ற அறிவுரை முதல் கடிகாரத்தை முழுதாகத் தின்றுவிடுகிறது. நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டுத்தான் பழக்குவேன் என்பவருக்கோ 200 மணி நேரம் நிறைய 100 நாள் ஆகும்.

அதைவிட மோசமான விளைவு ஒன்றை நானே பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு ஹெட்ஃபோனின் இடப்பக்கத்தில், தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் ‘ர்ர்’ என்று ஓர் உறுமல் கேட்டது. விற்ற கடையில் கேட்டதற்கு, பழகினால் சரியாகும் என்றார்கள். நானும் நம்பி மூன்று வாரம் ஓடவிட்டேன். உறுமல் குறையவில்லை, மாற்றும் நாள்தான் கடந்துபோயிற்று. பழுதுபார்க்க அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டியதாயிற்று. உறுமல், ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைவது, குரல் நடுவில் நிற்காமல் சாய்வது ஆகியவை எந்த நாளும் பழக்கத்தால் தீராதவை. உறுமலுக்குச் சில வேளை படலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒற்றைத் தலைமுடிகூடக் காரணமாக இருக்கலாம். அப்போதும் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும், எத்தனை மணி நேர இரைச்சலும் அதை விரட்டாது.

இரண்டாம் வழி, எதுவும் செய்யாமல் கேட்டுக்கொண்டே போவது. முதல் வழி தரும் எல்லாவற்றையும் இது இலவசமாகத் தந்துவிடுகிறது. டிரைவர் தளர வேண்டியது ஏதேனும் இருந்தால் பாட்டுக் கேட்கும்போதே தளர்ந்துவிடும், காதும் கூடவே பழகிவிடும். முதல் கேட்பிலேயே ஏறக்குறைய பிடித்துவிட்ட ஹெட்ஃபோனுக்கு இதுவே போதும். முதல் கேட்பிலேயே எரிச்சலூட்டியதற்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். காது எதற்கும் பழகிவிடும் என்பது உண்மை. 480 வெள்ளி கொடுத்துவிட்டு நாம் ஏன் பழகிக்கொடுக்க வேண்டும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாம் வழியே என் மனத்துக்கு நெருக்கமானது. ஆனால் அவசரத்தில் முதல் மாலையே பெட்டியைக் கட்டிவிடுவதை நான் சொல்லவில்லை. மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஹெட்ஃபோன் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். கண்ணாடி அணிபவர் கழற்றியும் அணிந்தும் கேட்க வேண்டும். செருகும் வகை வாங்கியவர் பெட்டியில் வரும் எல்லா அளவு முனைகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். என் அக்கா மகன் சொன்ன ‘மெலிந்த தொப்பி’ இங்கேயே தீர்ந்தது. தடித்த கண்ணாடிக்கால் மெத்தையைத் தூக்கிக்கொண்டிருந்தது, மெல்லிய சட்டமுள்ள பழைய கண்ணாடியை எடுத்து மாட்டியதும் மிருதங்கத்துக்கு உடம்பு வந்தது. தம்புரா சுருதிச் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கி, இரு காதிலும் ஒரே ஒலி வரும்படி ஒற்றைத் தட ஒலியாக ஓடவிடுவது எனக்குக் கைவந்த சோதனை: ‘ச’வும் ‘ப’வும் நெற்றி நடுவில் நிற்க வேண்டும், செழித்த மேற்சுரங்களில் எந்தக் கரகரப்பும் கலக்கக் கூடாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 20 ஹெர்ட்சிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியையும் ஒருமுறை குறைந்த ஒலியளவில் ஓட்டினால் உறுமல் இருந்தால் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாம் நாள், நெடுங்காலம் கேட்டுப் பழகிய ஐந்தாறு பாடல்களைப் பழைய ஹெட்ஃபோனிலும் புதியதிலும் மாறி மாறிக் கேட்க வேண்டும். இங்கே ஒலியளவைச் சமன்செய்வது மிக முக்கியம்; சற்று உரக்கக் கேட்பது எப்போதும் சிறப்பாகத் தோன்றும். விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திய அறை வேண்டும். விரைவுச்சாலையைப் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நள்ளிரவுதான் சரியான நேரம். மூன்றாம் நாள் வழக்கமாகக் கேட்கும் இடத்தில், வழக்கமான நேரத்துக்கு அணிந்து பார்க்க வேண்டும். ஒலி பிடித்திருந்தும் ஒரு மணி நேரத்தில் காது வெந்துபோனாலோ தாடை வலித்தாலோ அதுவும் திருப்புவதற்குப் போதுமான காரணமே. மூன்று நாளும் ஒரே குறை ஒரே இடத்தில் உறுத்தினால், அது அந்த ஹெட்ஃபோனின் இயல்பு என்று கொள்ளலாம்.

இந்த வழிக்கு ஒரு வரம்பு உண்டு. செருகும் இயர்ஃபோன்களைப் பெட்டி திறந்தபின் தூய்மை கருதித் திரும்ப வாங்காத கடைகள் பல. அவற்றை வாங்குபவருக்குச் சோதனைக் காலம் கடைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சிட்டி ஹால் நிலையத்துக்கு அருகே அடெல்ஃபி கட்டடம் போன்ற இடங்களில் கேட்டுப் பார்த்து வாங்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. சனிக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து, வேலைநாள் பிற்பகலில், சொந்தக் கைபேசியும் சொந்தப் பாடல்களும் சொந்த மூக்குக்கண்ணாடியுமாகப் போவது நல்லது. கடையில் மாட்டி வைத்திருக்கும் மாதிரி ஆயிரம் மணி நேரம் ஓடியது, பெட்டியில் வருவது அப்படியன்று என்று சிலர் எச்சரிப்பார்கள். மேலே சொன்ன காரணங்களால் டிரைவரைப் பொறுத்தவரை எனக்கு அந்தக் கவலை இல்லை. பலர் தலையில் ஏறி நசுங்கிய அதன் மெத்தையைப் பற்றித்தான் கவலை.

ஏனெனில் ஹெட்ஃபோனில் காலப்போக்கில் உண்மையாகவே மாறும் உறுப்பு மெத்தைதான். உள்ளிருக்கும் பஞ்சு அமுங்க அமுங்க டிரைவர் காதை நெருங்குகிறது, காற்றறையின் கொள்ளளவு குறைகிறது, ஒலியின் சாயல் நகர்கிறது. நம் ஊரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். செயற்கைத் தோலில் உள்ள பாலியூரித்தேன் ஈரத்தால் சிதையும் பொருள் என்பதால், குளிர்நாட்டில் நெடுநாள் தாங்கும் மெத்தை இங்கே சீக்கிரமே உரிந்து, காதோரம் கறுப்புச் செதில்களை ஒட்டிவிட்டுப் போகிறது. விரிசல் விட்ட மெத்தையில் காற்று கசியும். கசிந்தால் தாழ்ந்த ஒலி போய்விடும். நண்பரும் நானும் வாங்கிய அந்த இரட்டையரை ஈராண்டு கழித்து மீண்டும் ஒப்பிட்டபோது, வேறுபாடு கண்கட்டே தேவைப்படாத அளவுக்கு வெளிப்படையாக இருந்தது. மெத்தைகளை இடம் மாற்றிப் போட்டதும் அந்த வேறுபாடும் மெத்தையோடு இடம் மாறியது.

எனவே நான்காம் வழி, அதாவது மெத்தையையும் ஈக்வலைசரையும் கையாள்வது, பழக்குதல் செய்வதாகச் சொல்லும் வேலையை உண்மையிலேயே செய்கிறது. துணி மெத்தைக்கும் தோல் மெத்தைக்கும் ஒலியில் தெளிவான வேறுபாடு உண்டு. ஆனால் அது எந்தத் திசையில் போகும் என்பது ஒவ்வொரு ஹெட்ஃபோனுக்கும் மாறும். சந்தையில் கிடைக்கும் மலிவான மாற்று மெத்தையைப் போட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் குறை சொல்வதும் நடக்கிறது. ஈக்வலைசரில் அந்தக் குழப்பம் குறைவு. கீறும் ‘ஸ’ பெரும்பாலும் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கும். அங்கே 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் ஒன்று. பத்து நிமிட வேலை, செலவில்லை, வேண்டாமென்றால் ஒரே தொடுதலில் பழைய நிலைக்குத் திரும்பலாம். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம்; ஆட்டோஈக்யூ என்ற திறந்த மூலத் திட்டம் ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன்களுக்கு ஆயத்த அமைப்புகளை வைத்திருக்கிறது. இதிலும் எல்லைகள் உண்டு: உறுமலையோ, சாய்ந்த சமநிலையையோ, இறுகும் தலைப்பட்டையையோ ஈக்வலைசர் குணப்படுத்தாது, கேட்கும் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக அமைக்க வேண்டும் என்பதும் சிலருக்குத் தொல்லை.

பழைய பொருள்கள் கைமாறும் கேரோசல் இணையத்தளத்தில் “பர்ன்-இன் முடிந்தது” என்று சேர்த்து விலை சொல்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சொல்லுக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். மெத்தையின் நிலையையும் உத்தரவாதத்தின் மிச்சத்தையும் பார்த்து விலை பேசுங்கள். தனியாள் ஒருவர் இன்னொருவருக்கு விற்பதற்கு லெமன் சட்டம் பொருந்தாது.

என் தேர்வு மாற்றும் நாள்களின் எண்ணிக்கையைப் பார்த்தே அமையும். நாள்கள் இருக்கும்போது மூன்றாம் வழி. பெரும்பாலும் பிடித்து ஓரிடம் மட்டும் உறுத்தினால் நான்காம் வழி. நாள் கடந்துவிட்டாலோ, பரிசாக வந்ததாலோ, இனி மாற்ற இயலாது என்றாலும் நான்காம் வழிதான். முழுதாகப் பிடித்துவிட்டால் இரண்டாம் வழி, அதாவது பாட்டைக் கேட்பது. முதல் வழியைத் தேர்ந்தெடுக்க எனக்குக் கிடைக்கும் ஒரே சூழல், மாற்றும் காலம் ஒரு மாதத்துக்கு மேல் இருந்து, ஹெட்ஃபோனில் குறை எதுவும் இல்லை என்று உறுதியாகி, வீட்டில் ஒரு மூலையில் அது இரவெல்லாம் இரைந்துகொண்டிருப்பதை யாரும் ஆட்சேபிக்காமல் இருப்பது.

என் அக்கா மகனுக்குத் தொப்பி ஒலி சரியானது. ‘ஸ’ மூன்று நாளும் கீறியது. ஈக்வலைசரில் தணித்துப் பார்த்தான், தணிந்தது. ஆனால் அவன் கேட்பது கைபேசி, மடிக்கணினி, விளையாட்டுப் பெட்டி என்று மூன்று கருவிகளில் என்பதால் சலிப்படைந்தான். ஐந்தாம் நாள் கடைக்குப் போய், இன்னும் 40 வெள்ளி சேர்த்துக் கொடுத்து, மேல்சுரங்கள் மென்மையான வேறொரு மாதிரியை அங்கேயே அரை மணி நேரம் கேட்டுவிட்டு எடுத்து வந்தான். புதுப் பெட்டியை நீட்டும்போது, இதையும் 200 மணி நேரம் ஓடவிட மறக்க வேண்டாம் என்று அங்கே சொல்லித்தான் அனுப்பினார்களாம்.